ஏத்தின பொருளுக்கு இறக்கும் தேதி வேணும்

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர்ல தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மூட்டை ராகி, ஒரு கூடை தக்காளி இறக்கிட்டு, காபி குடிச்சுட்டு, வெயிலுக்கு முன்னாடி ஊர் திரும்பலாம்னுதான் போனது. தம்பி சம்சாரம் காபி டம்ளரைக் கையில் கொடுத்துட்டே, "மாமா, நவராத்திரி வருது, கொலுப் பொம்மைப் பெட்டியை மட்டும் பரண்ல இருந்து இறக்கிக் கொடுத்துட்டுப் போங்க. இவர்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது" அப்படின்னாங்க.

ஒரு பெட்டிதானே, அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சேன். மூணு மணி நேரம் ஆச்சு.

பொம்மைப் பெட்டி பரணோட கடைசி மூலையில இருந்தது. அதுக்கு முன்னாடி என்னென்ன இருந்ததுன்னு சொல்றேன், உங்க வீட்டுப் பரணையும் மனசுல ஓட்டிப் பார்த்துக்குங்க. நாலு வருஷம் முன்னாடி வித்துட்ட டிவியோட அட்டைப்பெட்டி, உள்ளே தெர்மாகோல் அப்படியே. மிக்ஸி பெட்டி ரெண்டு. சக்கரம் உடைஞ்ச சூட்கேஸ் ஒண்ணு. பையன் மூணாவது படிச்சப்போ வாங்கின புத்தகக் கட்டு. அவன் இப்போ பாலிடெக்னிக் போறான். பெயிண்ட் டப்பா மூணு, மூடி துருப்பிடிச்சு. இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு, செத்தது. அதை அங்கே யார் தூக்கி வெச்சாங்கன்னே தெரியலை. ரெண்டு ஆள் சுமை அது. அப்புறம் டிவி பெட்டிக்குள்ள ஒரு எலிக்குடும்பம் வாழ்ந்து, செத்து, காய்ஞ்சு போயிருந்தது.

எல்லாத்தையும் இறக்கி ஹால்ல வெச்சப்போ நடக்க இடமில்லை. தம்பி நடுவுல நின்னுட்டு, "இதெல்லாம் நம்ம வீட்ல இருந்துச்சா அண்ணா?" அப்படின்னு கேட்டான். அவன் கேட்டதுல கிண்டல் இல்லை. நிஜமாவே அவனுக்குத் தெரியலை.

பஸ்ல திரும்பும்போது அதைத்தான் யோசிச்சுட்டு வந்தேன். சொந்த வீட்ல, தலைக்கு மேல மூணு அடியில என்ன இருக்குன்னு தெரியாமப் போனது எப்படி?

எங்க பக்கம் பரண்னு சொன்னா ரெண்டு உண்டு. ஒண்ணு கொல்லையில. தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு காட்டோரத்துல கார்த்திகை மார்கழியில ராகி முத்தி நிற்கும்போது யானை வரும். கர்நாடகக் காட்டுல இருந்து கூட்டமா இறங்கி வரும். அப்போ மரத்து மேலயோ, நாலு கம்பு நட்டோ பரண் கட்டி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து காவல் காப்போம். இன்னொண்ணு வீட்டுக்குள்ள, சமையக்கட்டு அடுப்புக்கு நேர் மேல. கொல்லைப் பரண் விளைஞ்சதைக் காப்பாத்தும். வீட்டுப் பரண் அடுத்த வருஷம் விளையப் போறதைக் காப்பாத்தும். ரெண்டுமே காவல் பரண்தான். மூணு பாஷை புழங்குற எல்லை ஊர் எங்களுது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரங்க அதையே 'அடக'ன்னு சொல்வாங்க, கன்னடக்காரங்க 'அட்ட'ன்னு சொல்வாங்க. பேர் எதுவானாலும் வேலை ஒண்ணுதான்.

நான் பிறந்த ஓட்டு வீட்ல அந்தப் பரண் மூங்கிலும் பலகையும் போட்டது. கரி ஏறி ஏறி, எண்ணெய் பூசின மாதிரி கறுப்பா மின்னும். அது காலியா இருந்து நான் பார்த்ததே இல்லை. ராகி மட்டும் அங்கே ஏறாது. அதுக்கு மூங்கில்ல பின்னி சாணி மெழுகின தொம்பை தனியா இருந்தது. ராகி பல வருஷம் பூச்சி விழாம இருக்கும், அதுக்குப் பரண் சொகுசு தேவையில்லை. பரண்ல இருந்தது விதை. சுரைக்குடுக்கையில அவரை, துவரை, காராமணி. உறியில தொங்குற மக்காச்சோளக் கதிர். புளி வெச்ச பானை. முறம், தாம்பு, ஏர்க்கயிறு. கல்யாணம் காதுகுத்துன்னா மட்டும் இறங்குற பெரிய அண்டா. மழைக்காலத்துக்கு எடுக்கிற கம்பளி.

அடுப்புல தினம் ரெண்டு வேளை விறகு எரியும். புகை மேல போய் ஒவ்வொண்ணையும் தடவிட்டு ஓட்டு இடுக்கு வழியா வெளியே போகும். அந்தப் புகையும் இதமான சூடும் ஈரத்தை எடுத்துடும், வண்டு அண்டாது. இதை யாரும் எங்க அம்மாவுக்குப் பாடம் நடத்தலை. 'புகை படற இடத்துல வை' அப்படின்னு அவங்க அம்மா சொன்னாங்க, வெச்சாங்க.

இன்னொரு விஷயம், அந்தப் பரணுக்குக் கதவு கிடையாது. அம்மா களி கிண்டும்போது நிமிர்ந்தா எல்லாம் தெரியும். எந்தக் குடுக்கையில மூடி ஆடுது, எங்கே எலி ஓடுது, எது இன்னும் இறங்கலை, எல்லாம் கண்ணுல பட்டுட்டே இருக்கும்.

2011ல நாங்க தார்சு வீடு கட்டினோம். நகரத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்றேன், தார்சுன்னா கான்கிரீட் கூரை. சிப்காட் வந்த எழுபதுகள்ல இருந்து ஓசூரைச் சுத்தி ஒவ்வொரு ஊரா ஓடு இறங்கித் தார்சு ஏறிட்டு இருக்கு. எங்க ஊருக்கு அது கொஞ்சம் தாமதமா வந்தது. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "பரண் எங்கேடா?" மேஸ்திரி ஜம்பமா காட்டினார். படுக்கை அறையில ஏழடி உயரத்துல கான்கிரீட் பலகை, ரெண்டடி அகலம், முன்னாடி பிளைவுட் கதவு. 'லாஃப்ட்' அப்படின்னார். எனக்கும் பெருமையாத்தான் இருந்தது. கரி இல்லை, புகை இல்லை, எதை வெச்சாலும் கண்ணுக்கே தெரியாது.

அந்தத் தையில எடுத்த அவரை விதையை அதே சுரைக்குடுக்கையில போட்டு, அதே மாதிரி சாம்பல் கலந்து, லாஃப்ட்ல வெச்சோம்.

எங்க அவரையைப் பத்திச் சொல்லணும். ராகிக்குள்ள ஊடுபயிரா ஆடியில விதைக்கிறது. பகல் பொழுது சுருங்கிப் பனி விழ ஆரம்பிச்சாத்தான் பூக்கும். மார்கழி தையில காய் வரும். காயைத் தொட்டா கையில ஒரு பிசுக்கு, ஒரு வாசம், சோப்பு போட்டாலும் போகாது. பச்சைக் கொட்டையை ஊற வெச்சு, தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கிற பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும் சேர்ந்தா, அதுக்கு மேல பேச்சு கிடையாது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஹெப்பாள் அவரை ரகங்கள் சில இருக்கு. பருவம் பார்க்காது, எப்போ போட்டாலும் காய்க்கும். நல்ல ரகம்தான், நானும் போட்டிருக்கேன், காசு வந்திருக்கு. ஆனா அந்த வாசம் வேற.

ஆடியில விதைச்சோம். பத்துக்கு அஞ்சுகூட முளைக்கலை. மழை சரியில்லைன்னு சமாதானம் பண்ணிக்கிட்டோம். முளைச்சதுல விதை எடுத்து மறுபடியும் அதே லாஃப்ட். அடுத்த ஆடியில குடுக்கையைத் திறந்தப்போ அம்மா ஒண்ணும் பேசலை. கையை உள்ளே விட்டு எடுத்தாங்க. பாதி மாவு, மீதி ஓட்டை விழுந்த விதை. ஓட்டை விழாததைப் பொறுக்கி ஊன்றினதுல பத்துக்கு ஒண்ணுகூட வரலை. அதோட எங்க வீட்ல அந்த அவரை முடிஞ்சது. அக்கம்பக்கத்துல கேட்டேன். எல்லாரும் கடை விதைக்கு மாறி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அம்மா என்னைத் திட்டலை. திட்டியிருந்தா தேவலை. "எங்க அம்மா மடியில கட்டிவிட்ட விதைடா" அப்படின்னு ஒரு தடவை சொன்னாங்க. அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆச்சுன்னு அப்புறமாத்தான் தேடிப் படிச்சேன். விதை அறிவியல்ல ஹாரிங்டன் விதின்னு ஒரு சுமாரான கணக்கு இருக்கு. விதையில ஈரம் ஒரு சதவீதம் குறைஞ்சா அதோட ஆயுள் ரெண்டு மடங்காகும். வைக்கிற இடத்துல சூடு அஞ்சு டிகிரி செல்சியஸ் குறைஞ்சாலும் ரெண்டு மடங்காகும். கணக்கைத் திருப்பிப் போடுங்க. சூடு அஞ்சு டிகிரி ஏறினா ஆயுள் பாதி, பத்து டிகிரி ஏறினா கால்வாசி. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு, ராத்திரி முழுக்க உள்ளே கக்கும். அந்தத் தளத்துக்கு ஒண்ணரை அடி கீழே, கதவு சாத்தின பெட்டிக்குள்ள எங்க விதை இருந்தது. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 3,000 அடி உயரத்துல இருக்கு, குளுகுளு ஊர்னு பேர். அந்தக் குளுமை தளத்துக்கு அடியில கிடையாதுங்க.

பழைய பரண்லயும் அடுப்புச் சூடு இருந்ததேன்னு கேப்பீங்க. இருந்தது. ஆனா அது ஈரத்தை எடுத்துட்டு வெளியே போற சூடு. ஓட்டுக்கு மூச்சு உண்டு, புகை பூச்சியை விரட்டிட்டே இருக்கும். லாஃப்ட்ல சூடு மட்டும் இருந்தது. புகையும் இல்லை, காத்தும் இல்லை. எல்லாத்துக்கும் மேல, பார்க்கிற கண்ணு இல்லை. அந்தப் பிளைவுட் கதவு இல்லாம இருந்திருந்தா, அம்மா முதல் வண்டு பறக்கும்போதே கண்டுபிடிச்சிருப்பாங்க.

2013ல சின்னம்மா வீட்டு விசேஷத்துக்குப் போனோம். அம்மாவோட தங்கை, அத்திப்பள்ளி தாண்டி ஆனேக்கல் பக்கம் கட்டிக்கொடுத்தது. அங்கே அப்போ பழைய வீடுதான். சமையல் கேஸ்லதான்னாலும், குளிக்க வெந்நீர் போடுற விறகடுப்புக்கு மேல அட்ட அப்படியே இருந்தது. அம்மா உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தாங்க. சின்னம்மா கேட்காமலே ஏணி போட்டு ஏறி ஒரு குடுக்கையை இறக்கினாங்க. "அக்கா, இது நம்ம அம்மா வீட்டு அவரைதானே, உங்கிட்ட இல்லையா?" அப்படின்னாங்க. பாட்டி ரெண்டு பொண்ணுங்களுக்கும் மடியில கட்டி அனுப்பின அதே விதை. அம்மா அந்த விசேஷத்துல என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டா அவங்களுக்கே தெரியாது.

ஒரு படி கொடுத்தாங்க. இன்னிக்கு எங்க ராகிக்குள்ள நிற்கிற அவரை அதோட வம்சம். சின்னம்மா வீட்டையும் 2019ல இடிச்சு மாடி கட்டிட்டாங்க. அங்கேயும் லாஃப்ட்தான், கதவோட. இப்போ நான்தான் அவங்களுக்கு வருஷா வருஷம் விதை கொடுக்கிறேன்.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்னா, பழைய பரணுக்கும் இன்னிக்குப் பரணுக்கும் நடுவுல இருக்கிற ஒரே பெரிய வித்தியாசத்தைச் சொல்லத்தான். அது மூங்கிலா கான்கிரீட்டாங்கிறது இல்லை. பழைய பரண்ல ஏறின ஒவ்வொரு பொருளுக்கும் இறங்குற தேதி இருந்தது. விதைக்கு ஆடி. கம்பளிக்கு ஐப்பசி. தாம்புக்கயிறுக்கும் முறத்துக்கும் அறுவடை. அண்டாவுக்கு அடுத்த விசேஷம். எங்க வீட்டுப் பரண் ஒரு பஞ்சாங்கம் மாதிரி. வருஷம் ஒரு சுத்து வந்தா, பரண்ல இருக்கிற எல்லாம் ஒரு தடவையாவது தரையைத் தொட்டிருக்கும்.

இன்னிக்குப் பரண்ல ஏறுறதுக்குத் தேதி இருக்கு, இறங்குறதுக்கு இல்லை. தூக்கிப் போடவும் மனசு வரலை, வெச்சுக்கவும் காரணம் இல்லை. சரி, மேலே போடு. முடிவெடுக்கத் தள்ளிப்போட்ட பொருளெல்லாம் அங்கே போய்ச் சேருது. தம்பி வீட்டுப் பரண்ல அத்தனை சாமானுக்கும் நடுவுல தேதி உள்ள பொருள் ஒண்ணே ஒண்ணுதான்: கொலுப் பொம்மைப் பெட்டி. வருஷம் தவறாம புரட்டாசியில இறங்கி, ஒன்பது நாள் இருந்து, பழைய வேட்டித் துணியில சுத்திக்கிட்டு மேலே ஏறும். பொம்மை ஒண்ணுகூட உடையலை, மூக்கு நுனி பேராம இருக்கு. தேதி இல்லாத அத்தனையும் அந்தத் தேதி உள்ள ஒண்ணோட வழியை மறிச்சுட்டு நின்னது. இதுதான் எனக்கு உறுத்தினது.

நேர்மாறா ஒண்ணு சொல்றேன். எங்க ரோட்டோரமா நாலு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கேன். கம்பெனிகள்ல வேலை பார்க்கிற ஒடிசா, பீகார் பசங்க ஒரு அறையில மூணு பேர் நாலு பேர்னு இருக்காங்க. குழாய் ரிப்பேருக்கு உள்ளே போனப்போ அவங்க பரணைப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு பை. அவ்வளவுதான். "இதுல என்னப்பா இருக்கு?"ன்னு கேட்டேன். அம்மாவுக்கு ஒரு சேலை, தங்கச்சிக்கு ஒரு வாட்ச், குளிருக்கு ஒரு ஜாக்கெட். தீபாவளி முடிஞ்சு சட் பூஜைக்கு ஊருக்குப் போறப்போ எடுத்துட்டுப் போறதுக்கு. அவங்க பரண்ல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ரயில் தேதி இருக்கு. பத்துக்குப் பத்து அறையில நாலு பேர் வாழ முடியறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

'எல்லாத்தையும் தூக்கி எறிங்க, வீட்டைக் காலியா வெச்சுக்குங்க'ன்னு இப்போ ஒரு பேச்சு இருக்கு. நான் அந்தக் கட்சி இல்லை. விவசாயிக்குத் தூக்கி எறியக் கை வராது. சிறு துரும்பும் பல் குத்த உதவும்னு வளர்ந்தவங்க நாம. எங்க பழைய பரண் ரொம்பியேதான் இருந்தது. ஆனா பல் குத்த உதவணும்னா, துரும்பு எங்கே இருக்குன்னு தெரியணுமே? தேடிக் கிடைக்காம கடையில போய்ப் புதுசா வாங்கறோம். அப்போ பரண்ல இருக்கிறது சேமிப்பு இல்லை.

சேமிச்சதா நினைச்சு இழந்த கதை நம்ம மொழிக்கே உண்டு. ஒரு காலத்துல தமிழ் பரண்லதான் இருந்தது, ஓலைச்சுவடியா. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊரா, வீடு வீடாப் போய்த் தேடி, சீவக சிந்தாமணியை 1887லயும், சிலப்பதிகாரத்தை 1892லயும், புறநானூற்றை 1894லயும் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஏடுகளை ஆடிப்பெருக்குல ஆத்துல விட்டதையும், நெருப்புல போட்டதையும் கேட்டு மனசு நொந்து எழுதியிருக்கார். ஓலைக்கு ஆயுள் குறைவு. அப்பப்போ இறக்கி, தூசி தட்டி, நைஞ்சுபோனதைப் புது ஓலையில படி எடுக்கணும். படிக்கிற ஆள் இருந்த வீட்ல ஏடு இறங்கி ஏறிட்டு இருந்தது, பிழைச்சது. தாத்தா சொத்துன்னு மேலே வெச்சுக் கும்பிட மட்டும் செஞ்ச வீட்ல செல்லரிச்சது.

அவ்வளவு பெரிய விஷயம் வேண்டாம், நம்ம வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்குங்க. எங்க தாத்தா கிரயப் பத்திரம் பரண்ல தகர டிரங்குப்பெட்டியில இருந்தது. ரோட்டோர நிலத்துக்கெல்லாம் திடீர்னு விலை ஏறி, ஆளாளுக்குப் பத்திரம் பட்டான்னு ஓடின சமயத்துல இறக்கிப் பார்த்தா, பெட்டி துருப்பிடிச்சு, ஓரமெல்லாம் பூச்சி தின்னு, எல்லை எழுதியிருந்த பக்கம் பாதி இல்லை. நல்லவேளையா பதிவான பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்துல நகல் வாங்க முடிஞ்சது. பதிவாகாத பழைய பங்குச் சீட்டு வெச்சிருந்த என் பங்காளி ஒருத்தருக்கு அந்த வழியும் இல்லை. அண்ணன் தம்பிக்குள்ள இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

சரி, தம்பி வீட்ல அன்னிக்கு என்ன பண்ணோம்னு சொல்றேன். இது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை.

முதல்ல எல்லாத்தையும் இறக்கியாச்சு. பாதி இறக்கி அடுக்கினா, பழையது அங்கேயே தங்கிடும். அப்புறம் ஒவ்வொரு பொருளா கையில எடுத்து ஒரே கேள்வி: இது எந்த மாசம் இறங்கும்? மாசம் சொல்ல முடிஞ்சா வலது பக்கம், முடியலைன்னா இடது பக்கம். 'எப்பவாவது' அப்படிங்கிற மாசம் எந்தப் பஞ்சாங்கத்துலயும் இல்லைன்னு சொல்லிட்டேன். இடது பக்கம் சேர்ந்ததுல புத்தகம் பக்கத்துத் தெருப் பையனுக்கு, மிக்ஸி பெட்டிகள் பழைய பேப்பர்காரருக்கு. பேட்டரி, பேட்டரிக் கடைக்கே திரும்ப. பழசுக்கு அவங்க காசு தருவாங்க, குப்பையில போடக் கூடாது, உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கு.

வலது பக்கம் இருந்ததுல ரெண்டாவது சோதனை, சூடு. மேல் மாடி வீடு அவனுது. பெயிண்ட், தின்னர், கொசு ஸ்ப்ரே, மருந்து மாத்திரை, போட்டோ, பத்திரம், விதை, இது எதுவும் தளத்துக்கு அடியில கூடாது. கிராமத்துல இருக்கிற சொந்தக்காரங்களுக்கும் இதைச் சொல்லுங்க: குழந்தைக்கு எட்டாதுன்னு நினைச்சுப் பூச்சிமருந்து பாட்டிலைப் பரண்ல வைக்கிற வீடு இன்னும் இருக்கு. கீழே புளியும் பருப்பும் இருக்கும். பூச்சிமருந்துக்கு வீட்டுக்கு வெளியே, பூட்டுப் போட்ட பெட்டிதான் இடம்.

மூணாவது சோதனை, கனம். தலைக்கு மேல ரெண்டு கையால சிரமம் இல்லாம தூக்க முடிஞ்சாத்தான் மேலே. இல்லைன்னா கட்டிலுக்கு அடியில. இறக்கும்போது விழுறது பெரும்பாலும் வீட்ல இருக்கிற பெரியவங்கதான். அதுவும் பிளாஸ்டிக் நாற்காலி மேல ஏறி. ஒரு சின்ன ஏணி வாங்கி வைங்க. இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு ஆகிற செலவுல எத்தனை ஏணி வாங்கலாம்னு கணக்குப் போட்டுக்குங்க.

அப்புறம் அடுக்கினோம். சீக்கிரம் இறங்குறது முன்னாடி, பிறகு இறங்குறது பின்னாடி. கொலுப் பெட்டி இறங்கியாச்சு. அது ஏறும்போது முன்வரிசை மாறும். காலி சூட்கேஸ் இடத்தை அடைக்கும், அதுக்குள்ள கம்பளியும் ஸ்வெட்டரும். அட்டைப்பெட்டி வேண்டாம்னு சொன்னேன். எலிக்கும் கரப்பானுக்கும் அதுதான் மாளிகை. கடைசியா ஒரு நோட்டுத் தாள்ல மாசவாரியா எழுதி, பரண் கதவுக்கு வெளிப்பக்கம் ஒட்டினோம். புரட்டாசி பொம்மை. ஐப்பசி கம்பளி. மார்கழி கோலப்பொடி டப்பா, தை பொங்கல் பானை. கதவைக் கழட்ட தம்பி ஒத்துக்கலை, அழகு போயிடுமாம். சரி, கதவு மறைக்கிறதைத் தாளாவது காட்டட்டும்.

இதுக்கு வருஷத்துல ஒரு நாள் நம்ம பெரியவங்களே குறிச்சு வெச்சுட்டாங்க, போகி. நெருப்பு வைக்கிற நாள்னுதான் இப்போ அது மிச்சம் இருக்கு. டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்திக் காலையில மூச்சு முட்டறோம். போகி அன்னிக்குக் கொளுத்தறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருந்தது: பரணை முழுசா இறக்கிப் பார்க்கிறது. அந்த வேலையை மட்டும் விட்டுட்டோம். அதை மட்டும் திரும்பப் பிடிச்சுக்கிட்டா, கொளுத்த ஒண்ணும் மிஞ்சாது.

எங்க வீட்டு லாஃப்ட்ல இப்போ விதை ஏறுறதில்லை. அவரையை நல்லா வெயில்ல காய வெச்சு, பல்லுல கடிச்சா பொட்டுனு உடையற பதம் வந்ததும் ஆற விட்டு, சலிச்ச சாம்பல் கலந்து, மூடி இறுகின எவர்சில்வர் தூக்குல போட்டு, வடக்குப் பக்க அறையில தரையோட ஒட்டின கீழ்த்தட்டுல வைக்கிறேன். வீட்லயே குளுமையான இடம் அதுதான். மாசத்துக்கு ஒரு தடவை அமாவாசை அன்னிக்குத் திறந்து பார்க்கிறேன். இன்னும் மூணு வீட்டுக்கு ஆளுக்கு அரைப்படி கொடுத்து வெச்சிருக்கேன். ஒரே இடத்துல வெச்சு இழந்த பாடம் அது.

அம்மாவுக்கு இப்போ வயசாச்சு, ஏணி ஏற முடியாது. ஆனா அந்தக் கீழ்த்தட்டு அவங்க கட்டில்ல இருந்து பார்த்தாத் தெரியற இடம். தூக்கு மேல சுண்ணாம்பால 'ஆடி'ன்னு எழுதியிருக்கேன். ஆடி பிறந்து ரெண்டு நாள் தாமதமானாக் கூட, "என்னடா, அது இன்னும் இறங்கலையா?"ன்னு குரல் வந்துடும்.

நேத்து தம்பி சம்சாரம் போன் பண்ணாங்க. கொலு வெச்சாச்சாம், ஒன்பது படி. "மாமா, பரண்ல பாதி இடம் காலியா இருக்கு, என்ன வைக்கலாம்?"னு கேட்டாங்க.

இப்போதைக்கு ஒண்ணும் வைக்காதேம்மான்னு சொன்னேன்.